புதுப்பிப்பு: அப்பாவின் நுரையீரல் ஸ்கேன்

பாலக்கோட்டில் இருக்கும் அப்பாவுக்கு வயது 61, நாற்பது வருடப் பீடிப் பழக்கம், இருமல்கூட இல்லை, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, அது போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போதாது. சுமார் 53,000 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்திருந்தது.

சரி என்று தருமபுரிக்குக் கூட்டிப்போனோம். ஊசி கிடையாது, சில நொடி மூச்சைப் பிடித்துப் படுத்திருந்தார், அவ்வளவுதான்.

வலது மேல்புறம் 7 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு. துவரை அளவு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. இப்படித் தெரிபவற்றில் பெரும்பாலானவை புற்று இல்லை, பழைய காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன், வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க.

அப்புறம், பீடிக்கட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். இன்றோடு பதினொரு நாள்.