டாப்சிலிப் காட்டு நடை: ஆறு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

திருப்பூர்_அம்மா கேட்கிறார்:

வணக்கம். தீபாவளி முடிந்ததும் ஒரு சனி ஞாயிறு ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்சிலிப்புக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, பையனுக்கு ஆறு. மாமியாரும் வருகிறார், அவருக்கு முழங்கால் வலி.

போன வருடம் வேறொரு மலைக்குப் போனபோது ஒரு ஏஜென்ட் "புலி நிச்சயம்" என்று சொல்லி ஜீப்பில் ஏற்றினார். மூன்று மணி நேரம் குலுங்கியதில் பையன் இரண்டு தடவை வாந்தி எடுத்ததுதான் மிச்சம். பார்த்தது ஒரு மயிலும், முன்னால் போன ஜீப் கிளப்பிய புழுதியும். அதனால் இந்தத் தடவை வனத்துறை ஆள் கூட்டிக்கொண்டு போகும் நடை போதும் என்று முடிவு. சின்னவன் தாங்குவானா? யானை எதிரில் வந்தால் என்ன செய்வது? கணவர் "அதெல்லாம் ஒன்னும் ஆகாது" என்கிறார். அவர் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்வார்.

ஆழியாறுக்காரன்:

பொள்ளாச்சியிலிருந்து சுமார் 35 கி.மீ. சேத்துமடை செக்போஸ்ட்டில் வண்டியைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் எதுவும் மேலே போகாது, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்குக்கு அனுமதி இல்லை. காரில் வந்தால் காலையிலேயே செக்போஸ்ட்டைத் தாண்டிவிடுங்கள். எந்தப் பாதையில் நடை, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் மழையையும் யானை நடமாட்டத்தையும் பார்த்து மாறும். கிளம்புவதற்கு முன்னால் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

ஓய்வு_வாத்தியார், பொள்ளாச்சி:

அம்மிணி, பையன் நன்றாக நடப்பான். நான் பார்த்தவரை பாதி வழியில் சலித்துக்கொள்வது பெரியவர்கள்தான்.

போன வருடம் காலாண்டு லீவில் பேரனைக் கூட்டிப் போனேன். அவனுக்கும் ஆறு வயதுதான். வழிகாட்டியாக வந்தவர் மலசர், அந்தக் காட்டிலேயே வாழும் பழங்குடிக்காரர். கையில் ஒரு குச்சி, காலில் ரப்பர் செருப்பு, அவ்வளவுதான். நான்கு அடி வைப்பார், நிற்பார். என் மருமகன் வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். முதல் அரை மணியில் கிளம்பிய இடம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது!

பாதையோரம் இருந்த தேக்கங்கன்றிலிருந்து ஒரு கொழுந்து இலையைக் கிள்ளிப் பேரன் கையில் கொடுத்து, கசக்கச் சொன்னார். உள்ளங்கை முழுக்கச் சிவந்துவிட்டது. "தாத்தா, ரத்தம்!" என்று கத்தினான். அப்புறம் ராத்திரி குளிக்கிற வரை அந்தக் கையைக் கழுவவிடவில்லை, மடக்கியே வைத்திருந்தான்.

கொஞ்ச தூரத்தில் யானை லத்தி கிடந்தது. குச்சியால் பிளந்து காட்டினார். மூங்கில் நார், மரப்பட்டை, செரிக்காத விதைகள், உள்ளே குடியேறிவிட்ட வண்டுகள். புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "விடியக்காலம் போயிருக்குதுங்க" என்றார். ஒரு மரத்தில் கரடி தேனுக்காக ஏறிய நகக்கீறல் இருந்தது. இன்னொரு மரத்தின் உயரத்தில் ஒரு பொந்து. இருவாச்சிப் பறவை தை மாத வாக்கில் அதற்குள் போய் உட்காருமாம். பெட்டை உள்ளே இருந்துகொண்டு வாசலைப் பூசி அடைத்துவிடும், அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும், ஆண் பழம் கொண்டுவந்து ஊட்டும். பேரன் கேட்டான்: "அப்போ அது ஆய் எப்படிப் போகும்?" அவர் சிரிக்கவே இல்லை. "அந்தக் கீத்து வழியாவே பின்பக்கத்த வெச்சு வெளிய பீச்சிரும் சாமி" என்றார். 34 வருடம் பாடம் நடத்தியவன் நான், இவ்வளவு சுருக்கமாக ஒரு பதில் சொன்னதாக நினைவில்லை.

யானை பற்றிக் கேட்டீர்கள். எங்களுக்கும் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. அவர் கையைத் தூக்கினார், இரண்டு நிமிடம் அசையவில்லை, பிறகு வந்த வழியே திரும்பச் சொன்னார். கூட வந்த ஒருவர் "ஒரே ஒரு போட்டோ" என்று இழுத்தார். பதிலே இல்லை, அவர் பாட்டுக்கு நடந்துவிட்டார். நாங்கள் யானையைப் பார்க்கவில்லை. பாதியில் திரும்பியதற்கு முகம் சுளிக்காத ஆட்களை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

காட்டுமல்லி:

வாத்தியார் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். 2018இல் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன, வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகிற பேச்சே வேண்டாம். கோடையில் தீ பயத்தால் நடைகளை நிறுத்தியும் விடுவார்கள்.

நீங்கள் போகிற மாதத்தில் ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி இருக்கும். முழுக்கால் பேன்ட், அதன்மேல் சாக்ஸை இழுத்துவிடுங்கள். துணியில் உப்பு முடிந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் ஓரமாக நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அதைப் பார்த்துப் பிள்ளைகளைவிட அம்மாக்கள்தான் அலறுகிறார்கள் (நானும்தான்).

ஓய்வு_வாத்தியார், பொள்ளாச்சி:

உங்கள் மாமியாரை மறந்துவிட்டேன். வனத்துறை வண்டியில் கோழிகமுத்தி யானை முகாமுக்கு அனுப்புங்கள். ராகி, கொள்ளுக் கவளம் உருட்டி ஊட்டுகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் 99 முறை களத்துக்குப் போன கும்கி யானை கலீம் அந்த முகாம்காரன்தான், 60 வயதில், 2023 மார்ச்சில் பணி ஓய்வு கொடுத்தார்கள். எனக்கு 58இல் கொடுத்துவிட்டார்கள்.

ஹ்யூகோ வுட் கல்லறையையும் விடாதீர்கள். வெள்ளைக்காரன் தேக்கை வெட்டி மேலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால்தான் டாப்சிலிப் என்று பெயரே வந்தது. மொட்டையான மலையில் மறுபடி தேக்கை வளர்த்த வன அதிகாரி இவர். 1933இல் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடியே அந்த மரங்களுக்கு நடுவில் புதைத்தார்கள். கல்லில் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது: என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார். மகளுக்குப் பத்து வயது என்றீர்களே, அவளுக்குப் புரியும்.

திருப்பூர்_அம்மா:

எல்லோருக்கும் நன்றிங்க. கணவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். "பாதியில் திரும்பினால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்குமா?" என்று கேட்கிறார். அவரை மாமியாரோடு யானை முகாம் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.