பார்க் இருக்கிறது, பிள்ளைகளைக் காணோம்

கேள்வி | எழுதியவர்: கடைசித்தெரு

நகரத்தின் ஓரத்துக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு இரண்டரை. பழைய வீடு மாடியில். மகள் இரண்டு முறை குதித்தால் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்கும். இங்கே வர முதல் காரணமே பார்க்தான். வீடு விற்றவர் காட்டிய படத்தில் சறுக்குமரத்தைச் சுற்றி ஒரு பட்டாளமே இருந்தது.

படத்தில் இருந்த சறுக்குமரம் இருக்கிறது. ஊஞ்சல் இரண்டு, கயிற்று ஏணி ஒன்று, எல்லாம் இருக்கின்றன. பட்டாளத்தைத்தான் காணோம். சாயங்காலம் நாலு மணிக்குப் போனால் நாங்கள் மூன்று பேர் மட்டும். பெரியவள் பத்து நிமிடம் ஆடுவாள். அப்புறம் "அம்மா, நீ என்னைத் துரத்து" என்பாள். சின்னவனை விட்டுவிட்டு நான் எங்கே ஓடுவது? அழுகை, வீடு. நடுவில் அகலமான சாலை ஒன்றைக் கடக்க வேண்டியிருப்பதால் இன்னும் நாலைந்து வருஷம் போனாலும் அவளைத் தனியாக அனுப்ப மாட்டேன். கணவர் வேலைக்குப் போய்வர மட்டும் தினமும் இரண்டரை மணி நேரம். அவர் வீடு சேரும்போது இருவரும் தூங்கியிருப்பார்கள்.

"பழைய வீட்டுக்கே போயிடலாமா?" என்று நேற்று மகள் கேட்டாள். நான் மனதுக்குள் வைத்திருந்த கேள்வி அது. இது போகப் போகச் சரியாகுமா?

சின்னவன் தனியாகச் சறுக்கப் பயப்படுகிறான். இப்போதைக்கு மடியில் வைத்துக்கொண்டு நானே சறுக்குகிறேன். பழகிவிடுவான் அல்லவா?

பதில் 1 | எழுதியவர்: திருகுசாவி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மடியில் வைத்துச் சறுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். எங்கள் குடியிருப்பின் திடலை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். அதில் நான் பார்த்த ஒரே எலும்பு முறிவு இப்படித்தான் நடந்தது. குழந்தையின் செருப்பு சறுக்குமரத்தின் ஓரத்தில் உரசி நின்றுவிடும். தனியாக வந்தால் குழந்தையும் நின்றுவிடும். மடியில் இருந்தால் பெரியவரின் எடை முழுவதும் அந்தக் காலை முறுக்கிக்கொண்டு கீழே போகும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு உடைய அது போதும். பயந்தால் சறுக்க வேண்டாம். கீழ்ப்பகுதியில் உட்காரவைத்துக் கையைப் பிடித்து இறக்குங்கள், போதும்.

அடுத்தது தரை. எல்லோரும் சறுக்குமரத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள், அதன் கீழே என்ன இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. திடலில் பெரிய காயங்கள் பெரும்பாலும் விழுவதால்தான் வருகின்றன. 4 அடி உயரத்திலிருந்து விழும் குழந்தைக்கு 9 அங்குலம் மணல் வேண்டும். போட்ட அன்று 9 அங்குலம் இருக்கும். ஊஞ்சலுக்குக் கீழே பிள்ளைகள் காலால் தள்ளித் தள்ளி இரண்டு மாதத்தில் குழியாகி, அடியில் கெட்டி மண் தெரியும். மண்வாரியால் இழுத்து நிரப்பினால் சரி. செய்யத்தான் ஆளில்லை. ஏணி, சறுக்குமரத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் 6 அடிக்குக் கல்லோ திண்ணையோ இருக்கக்கூடாது.

கம்பி இடைவெளியையும் அளந்து பாருங்கள். மூன்றரை அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குள் இருந்தால் ஆபத்து. உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். தொப்பிச் சட்டையின் கழுத்துக் கயிற்றையும் உருவிவிடுங்கள், சறுக்குமரத்தின் உச்சியில் அது சிக்கும்.

நாலு மணிக்குப் போகிறீர்கள் என்றால் சறுக்குமரத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உலோகம் மட்டும் சுடும் என்பதில்லை, பிளாஸ்டிக்கும் ரப்பர் தரையும் வெயிலில் தோலைப் பொசுக்கும்.

பதில் 2 | எழுதியவர்: ஊஞ்சல்காரி

தோழி, நாலு மணியில்தான் கோளாறு இருக்கிறது. உங்களைப் போலவே ஒவ்வொரு அம்மாவும் வந்து, யாருமில்லை என்று திரும்பிப் போயிருப்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனேன். பிறகு தெரிந்தது, எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டுக்காரி ஆறு மணிக்கு வந்து இதே மாதிரி திரும்பிக்கொண்டிருந்தாள் என்று.

நான் செய்தது இதுதான்: "செவ்வாய், வெள்ளி 5.30க்கு இங்கே இருப்போம், பந்து உண்டு" என்று எழுதிப் பார்க் கதவில் கட்டினேன். கூச்சமாகத்தான் இருந்தது. முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாவது வாரம் ஒரு தாத்தா பேத்தியோடு வந்தார். தாத்தா பாட்டிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், சொன்ன நேரத்துக்கு வருபவர்கள் அவர்கள்தான். மழைத் தூறலிலும் நாங்கள் போனோம். ஒருநாள் தவறவிட்டாலும் வந்தவர் அடுத்த முறை வரமாட்டார்.

ஆறு வயசுக்கு ஊஞ்சல் பத்து நிமிடம்தான். வாளி, தண்ணீர், சாக்குக்கட்டி, ஒரு பழைய போர்வை கொண்டுபோங்கள். நகர்த்தவும் கொட்டவும் ஏதாவது இருந்தால் ஒரு மணி நேரம் தாங்கும், துரத்தச் சொல்லவும் மாட்டாள்.

பதில் 3 | எழுதியவர்: திரும்பிவந்தவன்

நாங்கள் இரண்டு வருஷம் இருந்துவிட்டு நகருக்குள்ளேயே திரும்பினோம். பார்க் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு நல்ல பார்க் என்ன செய்யும்? உங்கள் இரண்டரை மணி நேரத்தைப் பற்றி முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

பதில் 4 | எழுதியவர்: கோட்டுப்படம்

எனக்கு அந்தச் சாலைதான் உறுத்துகிறது. ஒரே பெரிய பார்க்கைத் தூரத்தில் வைத்துவிட்டு "வசதி செய்தாகிவிட்டது" என்பது குடியிருப்பு போடுபவர்களின் பழைய பழக்கம். ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் இதற்கு நேர்மாறாகச் செய்தார். வீடுகளுக்கு நடுவே சும்மா கிடந்த சின்னச் சின்ன இடங்களில் ஒரு மணல்குழி, தாவக் கொஞ்சம் கல், தலைகீழாகத் தொங்க இரண்டு கம்பி. அவ்வளவுதான். 1978க்குள் 700க்கும் மேல் அமைந்தன. வேலி கிடையாது. அம்மா வாசலில் நின்றபடி பார்த்துக்கொள்ளலாம்.

சாலைக்கு இந்தப் பக்கம் காலி இடம் ஏதாவது இருக்கிறதா? புதர் இல்லாத ஒரு மூலை போதும்.

கேள்வி கேட்டவர் | கடைசித்தெரு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணா, மடியில் வைத்துச் சறுக்குவதை அன்றே விட்டுவிட்டேன், மிக்க நன்றி. ஊஞ்சலுக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தேன், இரண்டு விரல்கடை மணல்தான். குடியிருப்பு அலுவலகத்தில் சொன்னேன். "பார்க்கிறோம்" என்றார்கள். காத்திருக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை கணவரே ஓரத்து மணலை இழுத்து நிரப்பினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அவர் அனுமதி கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

எங்கள் தெருமுனையில், இன்னும் வீடு கட்டாத மனைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு தப்படி அகலத்துக்கு இடம் இருக்கிறது. உடைமைக்காரரிடம் கேட்டு, கல் பொறுக்கிப் போட்டோம். கதவு இல்லாததால் சீட்டை மின்கம்பத்தில் கட்டினேன். முதல் இரண்டு செவ்வாய் நாங்கள் மட்டும். போன வெள்ளி ஒரு பையன் சைக்கிளில் வந்து, இறங்காமல் காலை ஊன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "தண்ணி ஊத்தணுமா?" என்றான். மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாளியை அவனிடம் நீட்டிவிட்டாள்.