வலது கை போய்விட்டது: இ.எஸ்.ஐ., யு.டி.ஐ.டி. எதை முதலில் போடுவது?

கேள்வி: ஓசூர்க்காரன்

வணக்கம். தம்பிக்கு 27 வயது. உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டில் பவர் பிரஸ் ஆபரேட்டர். டையில் (தகட்டை அழுத்தும் அச்சில்) வலது கை மாட்டி, முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சிகிச்சை இ.எஸ்.ஐ.யில்தான் (தொழிலாளர் அரசுக் காப்பீடு), காயம் ஆறிவிட்டது. சம்பளம் 18,000.

"அரசு ஆஸ்பத்திரியில் ஊனச் சான்றிதழ் வாங்கி வா, அந்த சதவீதத்தை வைத்துத்தான் இ.எஸ்.ஐ. பணம் வரும்" என்கிறார் எச்.ஆர். ஊரில் ஒருத்தர் மாதம் 2,000 கிடைக்கும் என்கிறார். எதை முதலில் போடணும்? வேலைக்குத் திரும்பினால் இ.எஸ்.ஐ. பணம் நின்றுவிடுமா? பிரஸ்ஸின் இரண்டு கைப் பொத்தானில் ஒன்றை டேப் ஒட்டி அமுக்கி வைத்து ஓட்டினான், அதனால் அவன் தப்பு என்று கம்பெனி எழுதி வைத்திருக்கிறது. இது கேஸைக் கெடுக்குமா?

பதில்: கிளை ஜன்னல்

எச்.ஆர். சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கே இரண்டு சதவீதம் இருக்கிறது, ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை. யு.டி.ஐ.டி., அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் வருவது உடல் ஊனத்தின் அளவு. இ.எஸ்.ஐ. பார்ப்பது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பதை. அதை முடிவு செய்வது இ.எஸ்.ஐ.யின் சொந்த மருத்துவக் குழு, அரசு ஆஸ்பத்திரிச் சான்றிதழ் அங்கே கட்டாயமில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். அவசரம் என்று பார்த்தால் இ.எஸ்.ஐ.தான், தொகை பெரிது.

முதலில் விபத்து அறிக்கை, அதாவது படிவம் 12, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இப்படிப்பட்ட பெரிய காயம் என்றால் உடனே அனுப்ப வேண்டியது முதலாளி பொறுப்பு. காண்ட்ராக்ட் தொழிலாளி என்றால் கம்பெனி காண்ட்ராக்டரைக் காட்டும், காண்ட்ராக்டர் கம்பெனியைக் காட்டுவார், அறிக்கை யார் மேசையிலோ தூங்கும். போகவில்லை என்று தெரிந்தால் தம்பியே விபத்து நடந்த நாள், நேரம், ஷிப்ட், மெஷின், பார்த்தவர் பெயர் எல்லாம் எழுதி கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளலாம்.

வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தற்காலிக ஊனப் பயன் உண்டு, தினசரி சராசரி ஊதியத்தில் 90%. இ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சான்றிதழ்களில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்த நாளுக்குப் பணம் வராது. இறுதிச் சான்றிதழ் கொடுத்ததும் அது நின்றுவிடும். அன்றைக்கே நிரந்தர ஊனப் பயனுக்கு எழுதிக் கொடுத்து, மருத்துவக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தானாக நடக்கும் என்று உட்கார்ந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

முழங்கைக்குக் கீழே எடுத்த கைக்கு இ.எஸ்.ஐ. சட்டத்தின் ஊன அட்டவணையில் இரண்டு அளவு இருக்கிறது. முழங்கை முனை எலும்பிலிருந்து மிச்சக் கை 11.43 செ.மீ.க்குக் குறைவு என்றால் 70%, அதற்கு மேல் என்றால் 60%. பழைய நாலரை அங்குலக் கணக்குதான் அப்படியே செ.மீ. ஆகியிருக்கிறது. 18,000 சம்பளத்துக்குத் தினசரி சுமார் 600, அதில் 90% என்றால் 540. அதன் 60% நாளுக்கு 324, 30 நாளுக்கு 9,720. 70% என்றால் 378, மாதம் 11,340. ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போனால் மாதம் 1,620 ரூபாய் போகும், அதுவும் ஆயுள் முழுக்க. மிச்சக் கையின் எக்ஸ்ரேயை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்துக் கையோடு கொண்டு போங்கள். டேப் வைத்து அளக்கும்போது எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள், என்ன அளவு எழுதுகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். முடிவு சரியில்லை என்றால் மேல்முறையீடு உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் உத்தரவு கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள்.

வேலைக்குத் திரும்பினாலும் நிரந்தர ஊனப் பயன் நிற்காது. உயிர்ச் சான்று கொடுக்க மறந்தால்தான் நிற்கும்.

பொத்தானில் டேப் ஒட்டிய விஷயம் இ.எஸ்.ஐ. பணத்தைக் கெடுக்காது. முதலாளியின் வேலைக்காகச் செய்தபோது நடந்தது என்றால், விதியை மீறியிருந்தாலும் அது வேலைக் காயம்தான்.

பதில்: முகாம் வரிசை

யு.டி.ஐ.டி. பற்றி நான் சொல்கிறேன். ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், முகவரிச் சான்று, போட்டோ, கையெழுத்து அல்லது கைரேகை தேவை. பெயரை ஆதாரில் உள்ள எழுத்துப்படியே போடுங்கள், இனிஷியல் முன்னால் இருந்தால் முன்னால், பின்னால் இருந்தால் பின்னால். பாதி விண்ணப்பம் இதில்தான் திரும்பி வரும். மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததும் வரும் பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, மதிப்பீட்டு நாளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு தடவை படித்துப் பாருங்கள். "வலது கை நசுங்கல் காயம்" என்று மட்டும் எழுதி, எந்த மட்டத்தில் எடுத்தார்கள் என்பதை விட்டிருப்பார்கள். அறுவை செய்த டாக்டரிடம் திருத்தி வாங்குங்கள். இது இ.எஸ்.ஐ. குழுவுக்கும் உதவும்.

முழங்கைக்குக் கீழே என்றால் பொதுவாக 65 அல்லது 70% எழுதுவார்கள். அதற்கு மஞ்சள் அட்டை, 80க்கு மேல் நீலம், 40க்குக் கீழ் வெள்ளை. தற்காலிகச் சான்று என்று எழுத வந்தால் விடாதீர்கள். வெட்டிய கை முளைக்கப் போவதில்லை, நிரந்தரம் என்றே கேட்டு வாங்குங்கள்.

அந்த 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை. கை கால் பாதிப்பில் 75%க்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் அது, தம்பிக்கு எட்டாது. 40%க்கு மேல் இருப்பவர்களுக்கு வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் வேறு, 2023இல் அதை 1,500 ஆக்கினார்கள். இ-சேவை மையத்தில் போட்டால் தாசில்தார் விசாரிப்பார். ஆனால் அது வருமானம் இல்லாதவர்களுக்கு, இ.எஸ்.ஐ. பணம் வரும்போது கிடைப்பது கஷ்டம். பஸ் சலுகை அப்படி இல்லை, டவுன் பஸ்ஸில் இலவசம், வெளியூருக்கு 75% தள்ளுபடி. ரயிலுக்குத் தனிச் சான்று வேண்டும், துணையில்லாமல் பயணிக்க முடியாது என்று டாக்டர் எழுதினால்தான், அதனால் ஒரு கை போனவர்களுக்குப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள்.

ஓசூர்க்காரன்

ரொம்ப நன்றி. இப்போது காண்ட்ராக்டர் 2 லட்சம் தருகிறேன், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடு என்கிறார். இன்னொன்று, இ.எஸ்.ஐ. பதிவே விபத்துக்கு அடுத்த நாள்தான் நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

பதில்: சங்கத் தோழர்

கையெழுத்துப் போடாதீர்கள் தோழர். மேலே சொன்ன 9,720ஐ வைத்துப் பாருங்கள், 2 லட்சம் இரண்டு வருடம்கூடத் தாங்காது. தம்பிக்கு 27 வயது.

பதிவு பிந்தியதுதான் இந்தக் கேஸின் உண்மையான சிக்கல். விபத்துக்குப் பின் பதிவு என்று தெரிந்ததும் இ.எஸ்.ஐ. விசாரணை போடும், அதில் பணம் தாமதமாகும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு, பதியாதது முதலாளி குற்றம். தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க வழி இருக்கிறது. நான்கு மாதமாக வேலை பார்த்ததற்கு ஆதாரம் திரட்டுங்கள்: பாங்கில் சம்பளம் ஏறிய வரிகள், கேட் பாஸ், வருகைப் பதிவின் போட்டோ, சூப்பர்வைசர் ஷிப்ட் போட்ட வாட்ஸ்அப் மெசேஜ், பி.எஃப். பதிவு. போனை மாற்றும் முன் இதையெல்லாம் பிரதி எடுங்கள், காண்ட்ராக்ட் ஆட்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்குவதுதான் முதல் வேலையாக நடக்கும்.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராதவர்களுக்கு வழி வேறு, தொழிலாளர் துறையில் இழப்பீட்டு வழக்கு. அங்கே அட்டவணை சதவீதத்தோடு நிற்க வேண்டியதில்லை. இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சருக்கு அந்த வேலையே போய்விட்டது என்று 1975இல் உச்ச நீதிமன்றம் முழு ஊனமாகவே எடுத்துக்கொண்டது. தம்பிக்கு இ.எஸ்.ஐ. இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. மனுவில் சட்டத்தின் பெயரைப் போடும்போதும் கவனம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது, விபத்து தேதி அதற்கு முன்னா பின்னா என்று பாருங்கள்.

பதில்: சாக்கெட் பட்டறை

பணம் வரட்டும், செயற்கைக் கையைத் தள்ளிப் போடாதீர்கள். காப்பீட்டில் உள்ள தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யே தரும். அதுவரை மிச்சக் கையில் எலாஸ்டிக் கட்டை எட்டு வடிவில் சுற்றுங்கள், நுனியில் இறுக்கமாக, மேலே போகப் போகத் தளர்வாக. வளையம் வளையமாகச் சுற்றினால் நுனி வீங்கிக் குமிழ் மாதிரி ஆகிவிடும், சாக்கெட் (செயற்கைக் கையில் மிச்சக் கை நுழையும் உறை) உட்காராது. வீக்கம் வற்றும் முன் அளவு எடுத்தால் சில மாதத்தில் லொடலொட என்று ஆடும். அழகுக்கு மாட்டும் கையை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். பட்டை இழுத்துத் திறக்கும் கொக்கி வகையைக் கேளுங்கள், பிடித்து வேலை செய்ய அதுதான் ஆகும்.

யாரும் சொல்லாத ஒன்று: வலது கை ரேகை போய்விட்டதால் ரேஷன் கடையிலும் பாங்கிலும் ஆதார் சரிபார்ப்பு மாட்டலாம். ஆதார் மையத்தில் கைரேகை, கருவிழி இரண்டையும் புதுப்பித்துவிடுங்கள். இடது கைக் கையெழுத்தைப் பழகி, இ.எஸ்.ஐ. பணம் ஏறும் கணக்கில் அதைப் புது மாதிரிக் கையெழுத்தாகப் பதியுங்கள். பழைய வலது கைக் கையெழுத்து இருக்கும்வரை காசோலையும் பணம் எடுக்கும் சீட்டும் திரும்பிக்கொண்டே இருக்கும்.