ஆர்லன் நெஸ் போய்விட்டார்: அவரையோ அவர் வண்டியையோ பார்த்தவர்கள் எழுதுங்கள்

டிங்கர் மகன் (டப்ளின், கலிஃபோர்னியா), 24 மார்ச் 2019

வெள்ளிக்கிழமை, 22-ஆம் தேதி. 79 வயது. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் புது வடிவத்தில் கட்டுகிற கஸ்டம் பைக் தொழிலில் அவர் யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மூன்று வருடமாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைக்காவது எழுதிவிடுகிறேன்.

2016 கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா சிங்காநல்லூரில் நாற்பது வருடம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர். இங்கே வந்ததும் கைக்கு வேலை இல்லாமல் தவித்துப் போனார். அபார்ட்மென்ட் வாசலில் நிற்கிற கார்களின் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு சனிக்கிழமை டப்ளின் புலவார்டில் இருக்கும் நெஸ் கடைக்குக் கூட்டிப்போனேன். மாடியில் மியூசியம் இருக்கிறதே, அங்கே.

ஸ்மூத்-நெஸ் முன்னால் அப்பா நின்றுவிட்டார். புகாட்டி காரைப் பார்த்துச் செய்த வண்டி, சக்கரத்தின் மேல் அலுமினியத் தகடு அலை மாதிரி இறங்குமே, அதுதான். மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார், அப்புறம் வலப்பக்கம். பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். மேலே எரிகிற விளக்கு தகட்டில் ஒரு கோடாகத் தெரியும். நாம் தலையை நகர்த்தினால் அந்தக் கோடும் நகரும். அடியில் பட்டி போட்டு மூடியிருந்தால், சுத்தியல் அடி சரியாக விழாமல் இருந்தால், கோடு அந்த இடத்தில் நெளியும்.

எனக்கு அந்த நேரம் ஆபீஸிலிருந்து போன். புரொடக்‌ஷனில் ஏதோ நின்றுவிட்டது. ஜன்னல் ஓரமாகப் போய்ப் பேசிக்கொண்டே திரும்பிப் பார்த்தால், அப்பாவுக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். நரைத்த முடியைப் பின்னுக்கு வாரியிருந்தார், கறுப்புச் சட்டை. ஆர்லன் நெஸ். அப்பா என்ன பார்க்கிறார் என்று அவரும் குனிந்து, அதே பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்பா நிமிர்ந்து, "கோடு ஒடையவே இல்லீங்க" என்றார். தமிழில்தான். வேறு பாஷை அவருக்குத் தெரியாது. நெஸ் சிரித்து, அப்பா கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு நிமிடம் இருக்கும். நான் போனை முடித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் கீழே போய்விட்டார்.

மூன்றே வார்த்தை. நான் பக்கத்தில் இருந்து அதை இங்கிலீஷில் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அந்தப் போனில் என்ன பேசினேன் என்பது எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

நெடுஞ்சாலை (டென்வர்), 24 மார்ச் 2019

நான் பார்த்தது அவர்தானா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

2015, ஸ்டர்ஜிஸ் பைக் திருவிழாவின் 75-ஆவது வருடம். கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாடகை வண்டி எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் போயிருந்தோம். ஸ்பியர்ஃபிஷில் பெட்ரோல் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்துகிறேன், சத்தமே இல்லை. பின்னால் ஏழெட்டு வண்டி வரிசையில் நிற்கிறது. வெயில் வேறு. மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒரு கூட்டம் பக்கத்துப் பம்பில் நின்றது. நெஸ் இருந்த ஹாம்ஸ்டர்ஸ் பைக் கிளப் ஆட்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அதில் பெரியவர் ஒருவர் நேராக என்னிடம் வந்தார், ஹேண்டில்பாரில் இருந்த என்ஜினை நிறுத்துகிற சிவப்புக் கில் ஸ்விட்சைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினார், என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், திரும்பிப் போய்விட்டார். வண்டி ஸ்டார்ட் ஆனது. ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் பார்க்கிற மாதிரியும் செய்யவில்லை. அவ்வளவு பேர் முன்னால் எனக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் தெரியுமா?

வெள்ளிக்கிழமை செய்தியில் வந்த படத்தைப் பார்த்ததும் தம்பிக்கு அனுப்பினேன். அவர்தான் என்று தம்பி சொல்கிறான். எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் நினைவிருக்கிறது, முகம் இல்லை.

கடைசல்காரன் (சாக்ரமென்டோ), 25 மார்ச் 2019

துக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்லலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிங்கர் மகன், உங்கள் அப்பா அந்தக் கோட்டைப் பார்த்தார் பாருங்கள், அந்தத் தகட்டை அடித்தவர் ஆர்லன் நெஸ் இல்லை. வரைந்தவர் கார்ல் ப்ரோஹார்ட். அலுமினியத்தைக் கையால் அடித்து உருவாக்கியவர் க்ரெய்க் நாஃப். மாக் நெஸ், ஹெலிகாப்டர் டர்பைன் வைத்த வண்டி, அதன் பாடி பாப் மன்ரோ கைவேலை. நீங்கள் மூன்று வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றால் அது நாஃபிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நான் 2011-இல் அந்த மியூசியத்துக்குப் போனேன். மாக் நெஸ் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். அந்தத் தகட்டின் மடிப்பு, அது திரும்புகிற இடம், என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் நெஸ், நெஸ் என்றார்கள். ஊரில் பன்னிரண்டு வருடம் நான் கடைந்து கொடுத்த சாமானில் எல்லாம் வேறொருவர் பெயர்தான் இருந்தது. அதனால் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நெஸ் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. கை வைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கட்டிங் மாஸ்டர் பேரன் (ஃப்ரிமான்ட்), 25 மார்ச் 2019

கடைசல்காரன் அண்ணா, பெயரைச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் ஒன்று. என் தாத்தா திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். துணியில் சாக்பீஸ் கோடு போட்டு வெட்டுவது அவர். தைப்பது வேறு மூன்று பேர், காஜா எடுப்பது இன்னொருவர். கல்யாணச் சட்டை உடம்பில் உட்கார்ந்தால் ஊர் தாத்தா பெயரைத்தான் சொல்லும், உட்காராவிட்டாலும் அவரைத்தான் திட்டும். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிவதும் கைவேலைதான்.

அதோடு, நெஸ் தொடக்கத்திலேயே ஆள் வைத்துச் செய்தவர் இல்லை. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் ஆடி ஜெயித்த காசில் பழைய ஹார்லி வண்டி, நக்கில்ஹெட் ஒன்றை வாங்கினார். இரண்டாவது வண்டி வாங்க வசதியில்லை, அந்த ஒன்றையே பிரித்துப் பிரித்து வருடத்துக்கு ஒரு புது வண்டியாகக் கட்டினார். அன்டச்சபிள் என்று பெயர் வாங்கியது அதே நக்கில்ஹெட்தான். நான் அதே மியூசியத்தில் அதன் முன்னால் போய் நின்றபோது என் கையில் என் பழைய யமஹாவின் சாவி இருந்தது. விற்பதற்கு ஆளைப் பேசி முடித்து, அன்று மாலை கொடுப்பதாக இருந்தேன். கொடுக்கவில்லை. இன்னும் கராஜில்தான் நிற்கிறது.

புதுப்பேட்டை 350 (சென்னை), 26 மார்ச் 2019

நான் அவரை நேரில் பார்த்ததில்லை. 2009-இல் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகையில் அவருடைய டிக்கர் வண்டியின் படம் கிடைத்தது. நீளமாக, ஒல்லியாக, தரையோடு ஒட்டிக்கொண்டு, பட்டை தீட்டிய மாதிரி டேங்க். அந்தப் படத்தைப் புதுப்பேட்டையில் ஒரு வெல்டரிடம் காட்டி, என் புல்லட்டின் முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கை எட்டு அங்குலம் நீட்டினேன். முதல் நாள் மவுண்ட் ரோட்டில் நேராகப் போகும்போது சொர்க்கம். ஸ்பென்சர் பக்கத்தில் திரும்பும்போது முன்சக்கரம் தன்னால் மடிந்து விழுந்தேன். இடது முழங்காலில் தழும்பு இருக்கிறது. அவர் இறந்த செய்தி வந்த அன்றைக்குக் கை அந்தத் தழும்புக்குத்தான் போனது.

இந்த வாரம் அவர் படங்களைப் பார்த்துவிட்டு நிறையத் தம்பிமார்கள் புல்லட்டில் கை வைப்பார்கள். அதனால் சொல்கிறேன். ஃபோர்க்கை நீட்டுவது வேறு, அது வந்து மாட்டுகிற ஃபிரேமின் கழுத்தைச் சாய்ப்பது வேறு. நீட்டினால் மட்டும் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். கழுத்தைச் சாய்த்தால் சக்கரம் முன்னால் போகும். ஸ்டியரிங் அச்சை ஒரு கோடாகத் தரை வரை நீட்டிப் பாருங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். அது கூடினால் நெடுஞ்சாலையில் வண்டி அம்பு மாதிரி போகும், மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் ஒரு பக்கமாக விழும். நான் விழுந்தது அதனால்தான். அதைச் சரிசெய்ய ஃபோர்க்கைப் பிடிக்கிற மேல், கீழ்ப் பிளேட்டுகளிலேயே சாய்வு வைப்பார்கள். அப்போது ட்ரெயில் குறையும். அதிலும் கணக்குத் தப்பினால் வேகத்தில் ஹேண்டில் உதறும், அது இன்னும் ஆபத்து. நெஸ் மாதிரி ஆட்கள் இதையெல்லாம் அளந்து செய்தார்கள். நம் வெல்டர் படத்தைப் பார்த்துச் செய்தார்.

அப்புறம் சட்டம். ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, படித்தீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. கம்பெனி கொடுத்த அளவுக்கு மாறாக, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கழுத்தை அறுத்து ஒட்டினால் அதில்தான் வரும். ஆசை இருந்தால் அறுக்காமல் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். சீட், மட்கார்ட், பெயின்ட்டில் ஆரம்பியுங்கள், அதற்கும் முன்னால் ஆர்.டி.ஓ.வில் ஒரு வார்த்தை கேளுங்கள். வெல்டிங் என்றால், எந்த வெல்டராக இருந்தாலும், முதலில் ஒரு துண்டுக் குழாயில் ஒட்டச் சொல்லி, அதை வைஸில் பிடித்து அடித்துப் பாருங்கள். ஒட்டு விட்டால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

லட்சுமி அத்தை (சான் லியாண்ட்ரோ), 27 மார்ச் 2019

தம்பி, முழங்காலை நினைத்து நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் இங்கே இப்போது யாரும் வண்டி கட்டக் கேட்கவில்லை. நான் வண்டி ஓட்டத் தெரியாதவள். என் மருமகன் இதைக் காட்டியதால் எழுதுகிறேன்.

நெஸ்ஸுடைய பழைய கடை எங்கள் ஊரில், ஈஸ்ட் 14-ஆம் தெருவில் இருந்தது. நான் 1986-இல் வந்தேன். கைக்குழந்தையோடு பஸ்ஸுக்காக அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். தாடி, தோல் சட்டை, பச்சை குத்திய கை, இதெல்லாம் பார்த்து எனக்கு நடுக்கம். ஊரில் சினிமாவில் ரௌடி அப்படித்தானே வருவான். குழந்தையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு தலை குனிந்து நிற்பேன்.

ஒரு நாள் நல்ல மழை, பஸ் வரவில்லை. உள்ளே இருந்து ஒருவர் மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார், அதைத் துணியால் துடைத்தார், கூரை நிழலில் எனக்காகப் போட்டார். துடைத்த துணியில் கறுப்பு மசகு இருந்தது, நாற்காலியில் அது ஒட்டியதைப் பார்த்துவிட்டு, தன் சட்டையின் உள்பக்கத்தால் மறுபடி துடைத்தார். அவர் முதலாளியா, வேலைக்காரரா, எனக்குத் தெரியாது. நான் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால், உள்ளே ஒரே வண்டியில் இரண்டு என்ஜின். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. குழந்தைக்குக் காட்டினேன். அன்றைக்கு அழுகையை நிறுத்திய குழந்தைக்கு இப்போது 33 வயது.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் அங்கே நின்று பஸ் ஏறினேன். ஒரு நாள்கூட உள்ளே போய் நன்றி சொல்லவில்லை. கூச்சம்தான், வேறொன்றும் இல்லை. கடை டப்ளினுக்குப் போய்விட்டது.

நெடுஞ்சாலை (டென்வர்), 27 மார்ச் 2019

அத்தை, அந்த இரண்டு என்ஜின் வண்டிக்கு டூ பேட் என்று பெயர். ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர் என்ஜின் இரண்டு. நீங்கள் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் பார்த்ததை நாங்கள் எல்லாம் பத்திரிகையில் பார்த்தோம்.

டிங்கர் மகன் (டப்ளின், கலிஃபோர்னியா), 31 மார்ச் 2019

கடைசல்காரன், நீங்கள் எழுதியதை இந்த வாரம் முழுக்க யோசித்தேன். கோபம் வந்தது, அப்புறம் போய்விட்டது. இன்று ஞாயிறு, அப்பாவுடன் பேசும் நாள். நெஸ் இறந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தத் தகட்டை அடித்தவர் வேறொருவர், க்ரெய்க் நாஃப் என்று பெயர் என்றேன். அப்பாவுக்கு ஆச்சரியமே இல்லை. "அது தெரியும். அவரு கையப் புடிச்சப்பவே தெரிஞ்சுது, சுத்தி புடிக்கிற கை வேற மாதிரி இருக்கும்" என்றார். "ஆனா குனிஞ்சு பாத்தாருல்ல. எங்க பாக்கணும்னு தெரிஞ்சவரு."

அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லாமல் போனதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்குக் கவலை வேறு.

"இப்ப அந்த வண்டிய யாரு தொடைக்கிறாங்க? கண்ட துணிய வெச்சுத் தொடச்சா மேல கோடு விழுந்துரும், சொல்லு."

மகன் கோரி இருக்கிறார், பேரன் ஸாக் இருக்கிறார், இரண்டு பேரும் இதே தொழில்தான் என்றேன்.

"செரி" என்றார். அப்புறம் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.