உதட்டில் திரும்பத் திரும்ப வரும் ஹெர்பிஸ் கொப்புளம் முற்றிலும் குணமாகுமா?

கேள்வி:
காய்ச்சல் வந்தாலும் வெயிலில் அதிகம் அலைந்தாலும் என் உதட்டோரத்தில், எப்போதும் ஒரே இடத்தில், சிறு கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றுகின்றன. இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்று மருத்துவர் கூறினார். கொப்புளம் வந்தபின் அசைக்ளோவிர் களிம்பு தடவுகிறேன். பெரிய பயன் தெரியவில்லை. இந்த வைரஸை அடியோடு நீக்க வழி உண்டா? என் அக்காவுக்கு அண்மையில்தான் குழந்தை பிறந்துள்ளது, குழந்தையைத் தூக்கலாமா?

பதில் 1:
அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. முதல் தொற்றின்போதே இவ்வைரஸ் தோலிலிருந்து உணர்வு நரம்புகளின் வழியே ஏறிச் சென்று, முகத்தில் தொற்றியிருந்தால் முகத்தின் தொடு உணர்வைக் கடத்தும் முப்பெரு நரம்பின் அணுத் திரளிலும், பிறப்புறுப்பில் தொற்றியிருந்தால் முதுகுத்தண்டின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பணுத் திரள்களிலும் உறங்கிக் கிடக்கிறது. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கொப்புளம் வருவதற்கும் அதுவே காரணம். அசைக்ளோவிரோ, பெருகிக்கொண்டிருக்கும் வைரஸ் உண்டாக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதை மாற்றியமைத்த பிறகே வேலை செய்யும். உறங்கும் வைரஸிடம் அந்த நொதி இல்லாததால் மருந்து அதைத் தொட முடிவதில்லை.

களிம்பின் பலன் எப்போதுமே சொற்பம்தான். மாத்திரை மேலானது, ஆனால் கொப்புளம் எழும்வரை காத்திருக்கக் கூடாது. அரிப்பும் எரிச்சலும் தொடங்கும் அந்தச் சில மணி நேரத்திலேயே விழுங்க வேண்டும். உதட்டுக் கொப்புளத்துக்கு, உடலுக்குள் அசைக்ளோவிராக மாறும் வாலசைக்ளோவிர் மாத்திரையை 2 கிராம் வீதம், 12 மணி நேர இடைவெளியில் இரு வேளை, ஒரே நாளில் முடிந்துவிடும் முறை உண்டு. அப்போதும் கொப்புளம் ஏறத்தாழ ஒரு நாள்தான் முன்னதாக ஆறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால், மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் வந்தால், தினமும் சிறிய அளவில் மாத்திரை எடுப்பதைப் பற்றி அவரிடம் பேசலாம். வெயிலால் தூண்டப்படுவோருக்குச் சூரியக்கதிர்த் தடுப்பு உள்ள உதட்டுத் தைலமும் உதவும்.

பதில் 2:
குழந்தையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. முதல் சில வாரங்களில் இத்தொற்று குழந்தையின் மூளையையும் கல்லீரலையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கொப்புளம் முழுவதும் ஆறித் தோல் மூடும்வரை முத்தமிடவே வேண்டாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கையைச் சோப்பால் கழுவி, முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். கொப்புளம் இல்லாத நாட்களிலும் எச்சிலில் வைரஸ் சில வேளைகளில் வெளிப்படும். ஆகவே அந்த வயதுக் குழந்தைக்கு முத்தத்தைத் தவிர்ப்பதே என் கட்சி.

கேட்டவர்:
மிக்க நன்றி. உறுதி செய்துகொள்ள இரத்தப் பரிசோதனை தேவையா?

பதில் 1:
தேவையில்லை. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் எப்போதோ தொற்று ஏற்பட்டது என்று மட்டுமே தெரியும். உலகில் பெரும்பாலானோருக்கு, உதட்டுக் கொப்புளத்தை வழக்கமாக உண்டாக்கும் முதல் வகை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் தொற்று இருப்பதால் அதனால் புதிதாக ஒன்றும் விளங்காது. ஐயம் இருந்தால், புதுக் கொப்புளத்தின் நீரைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பிசிஆர் சோதனை செய்வதே சரி. கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் இருக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக விட்டால் கருவிழிப் புண் பெருகிப் பார்வையே பாதிக்கப்படலாம்.