எம்ஜிபி எஞ்சினுக்கு எந்த ஹெட் கேஸ்கெட்?

வணக்கம் நண்பர்களே. என் கார் 1967 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1798 சிசி, பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. இந்த இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் பற்றித்தான் கேள்வி. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் பொருத்துகிறேன். பூஸ்ட் (அது கூட்டும் காற்றழுத்தம்) 6 பிஎஸ்ஐதான், ஆனால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்த விகிதம்) 8.8:1.

காம்போசிட் (நார்க் கலவை) கேஸ்கெட்டே போதும் என்கிறார் மெக்கானிக். எனக்கு மனசு ஒப்பவில்லை. எம்எல்எஸ் (பல அடுக்கு) ஸ்டீல் கேஸ்கெட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். அதற்கு ஹெட், பிளாக் இரண்டையும் மிக வழவழப்பாக ஃபேஸிங் (மேற்பரப்பைச் சீவிச் சமப்படுத்துதல்) செய்தாக வேண்டும், பிளாக்கைக் கழற்றாமல் அது நடக்காது. செம்புத் தகட்டு கேஸ்கெட் என்றால் தண்ணீர் கசியுமோ என்ற பயம். தடிமனான கேஸ்கெட் வைத்துக் கம்ப்ரஷனைக் குறைக்கச் சிலர் சொல்கிறார்கள். பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி கூடினால் எரிதல் கெடும், அதில் எனக்கு உடன்பாடில்லை.

இதே எஞ்சினை பூஸ்ட்டில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: எந்த வகை போட்டீர்கள்? ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்களையும் மாற்றினீர்களா? எஞ்சின் சூடாகி ஆறியபின் நட்டுகளை மறுபடி டார்க் வைத்து (குறித்த அளவுக்கு) இறுக்கினீர்களா? ஹெட்டை இறக்கும் முன் முடிவெடுக்க வேண்டும்.