நம்ம வீடு குழு: எக்ஸ்போர்ட் போட்டா அணையுற கம்ப்யூட்டர்

சித்தி: குமாரு, வேலையா இருக்கியாப்பா? அருண் கம்ப்யூட்டர் மறுபடியும் பட்டுனு அணைஞ்சிருச்சு. கல்யாண வீடியோ நாளான்னைக்குக் குடுத்தாகணும். கடைக்காரரு பார்மட் அடிச்சுத் தந்தாரு, சரியாகல. இப்ப ரேம் மாத்தணும்ங்கிறாரு.

குமார்: சித்தி, ரேமுக்குக் காசு குடுத்துராதீங்க, கொஞ்சம் பொறுங்க. அருணே, எந்த வேலை செய்யிறப்போ அணையுது?

அருண்: டைம்லைன்ல வெட்டி ஒட்டுறப்போ ஒண்ணும் இல்லண்ணா. வெட்டினதை முழு வீடியோ ஃபைலா எடுக்க எக்ஸ்போர்ட் போட்டதும் போயிருது. கேம்லயும் அப்படித்தான். நீலத் திரையெல்லாம் வரல. கரண்ட் போன மாதிரி ஒரே கருப்பு, அப்புறம் தானா ஆன் ஆகுது.

மாமா: சாயங்காலம் உங்க தெருவுல வோல்டேஜ் இறங்குமே, அதுவா இருக்கும். லைட் மங்குதா பாரு தம்பி.

அருண்: மங்கல மாமா. காலையில போட்டாலும் அணையுது. யுபிஎஸ்ஸும் சத்தம் போடல.

குமார்: மாமா கேட்டது நல்ல கேள்வி. அந்த யுபிஎஸ் 600 விஏதானே? அது 360 வாட்ஸ்தான் தாங்கும். அதை விட்டுட்டு நேரா சுவர் பிளக்குல மாட்டி ஒருதரம் எக்ஸ்போர்ட் போடு. அதுக்கு முன்னாடி, ஸ்டார்ட்ல ஈவென்ட் வியூவர்னு அடி. விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம். சிவப்புக் குறியோட கெர்னல்-பவர் 41, அதாவது ஒழுங்கா ஷட் டவுன் ஆகாம அணைஞ்சதுக்கான பதிவு, இருக்கா?

அருண்: வரிசையா இருக்குண்ணா!

குமார்: டீடெயில்ஸ்ல பக்செக் கோட்னு ஒரு நம்பர் இருக்கும். என்ன போட்டிருக்கு?

அருண்: எல்லாத்துலயும் 0. சுவர்ல மாட்டியும் அணைஞ்சிருச்சு. சூடு பாத்தேன், கிராபிக்ஸ் கார்டு 66, பிராசஸர் 70 டிகிரி.

குமார்: அப்ப சூடு காரணமில்ல. 0ன்னா விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க நேரமே கிடைக்கல. ரேமோ டிரைவரோ கெட்டிருந்தா பெரும்பாலும் நீலத் திரை வரும், அங்க ஒரு கோட் பதிவாகும். இந்த 41ஐ மட்டும் வச்சு எஸ்எம்பிஎஸ்தான், அதாவது கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கிற பெட்டிதான்னு தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா லோடு ஏறுறப்ப மட்டும் அணையுறதையும் சேத்துப் பாத்தா எனக்கு அது மேலதான் சந்தேகம். போன மாசம் கார்டு மாத்தினேல்ல?

அருண்: ஆமாண்ணா. 1050 டிஐ எடுத்துட்டு ஆர்டிஎக்ஸ் 3060 போட்டேன். எஸ்எம்பிஎஸ் பழசுதான். ஆனா 450 வாட்ஸ்னு போட்டிருக்கே, போதாதா?

குமார்: பெருசா அச்சடிச்ச 450ஐ விட்ரு. பக்கவாட்டு ஸ்டிக்கர்ல ஒரு கட்டம் இருக்கும், பிளஸ் 12 வோல்ட்டுக்குக் கீழ எத்தனை ஆம்ஸ்னு பாத்துச் சொல்லு.

அருண்: 16 ஆம்ஸ்.

மாமா: 12 இன்ட்டு 16, 192 வாட்ஸ்தான் வருது!

குமார்: அதேதான் மாமா. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் அந்த 12 வோல்ட்லதான் ஓடுது. பழைய 1050 டிஐ 75 வாட்ஸ் கார்டு, போர்டு ஸ்லாட்லயே எடுத்துக்கும், தனி வயரே வேணாம். 3060க்கு 170. அவனோட பிராசஸர் ஐ5-12400 முழு மூச்சுல ஓடினா 117. ரெண்டும் சேந்தாலே 287. இதுல கண்ணிமைக்கிற நேரத்துக்கு கார்டு 170ஐயும் தாண்டி இழுக்கும். சும்மா இருக்கிறப்போ அது 20 வாட்டுக்குள்ளதான் எடுக்கும், அதான் யூடியூப் பாக்கிறப்போ ஒண்ணும் தெரியல. எக்ஸ்போர்ட் போட்டதும் 12 வோல்ட் தள்ளாடுது, இல்லன்னா எஸ்எம்பிஎஸ்ஸே தன்னைக் காப்பாத்திக்க கட் பண்ணிருது. அந்த 12 வோல்ட் 11.4க்குக் கீழ இறங்கக் கூடாது. என்விடியாவே இந்தக் கார்டுக்கு 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் கேக்குது.

சித்தி: அந்தக் கடைக்காரரு இதைப் பாக்கவே இல்லையேப்பா?

குமார்: கார்டு மாத்தினதைக் கேட்டிருந்தா பாத்திருப்பாங்க சித்தி. அருணே, கார்டுக்கு 8 பின் வயர் எங்கிருந்து வருது?

அருண்: எஸ்எம்பிஎஸ்ல அந்த வயர் இல்லண்ணா. ஹார்டு டிஸ்க் பழைய பின்லருந்து ஒரு கன்வெர்ட்டர் போட்டேன். இருங்க, போட்டோ அனுப்புறேன். மஞ்சள் வயர் நுழையிற இடத்துல வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாயிருக்கு, லேசா உருகி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு.

குமார்: ஐயோ, இப்பவே ஆஃப் பண்ணு. பிளக்கையும் உருவிரு. அணையுறதை விட இதுதான்டா எனக்கு பயம். 8 பின்னுக்கு 150 வாட்ஸ் வரைக்கும் கணக்கு. அத்தனையும் ஒரே ஒரு மஞ்சள் வயர் வழியாப் போகுது, அந்தச் சின்ன பின் தாங்குமா?

சித்தி: எனக்குக் கை நடுங்குது. ராத்திரியெல்லாம் இதை ஓட விட்டுட்டுத் தூங்கினானே.

மாமா: பதறாதம்மா, ஆஃப் பண்ணியாச்சுல்ல. தம்பி, அந்த பிளக்குல எர்த் இருக்கா? நாளைக்கு டெஸ்டர் எடுத்துட்டு நானே வந்து பாக்கிறேன்.

அருண்: வாங்க மாமா. அண்ணா, வீடியோக்கு என்ன பண்றது?

குமார்: கார்டையும் கன்வெர்ட்டரையும் கழட்டி வச்சிரு. உன்னோட பிராசஸர் பேருக்குப் பின்னாடி எஃப் போடாத 12400, உள்ளயே கிராபிக்ஸ் இருக்கு. மானிட்டர் வயரை போர்டுல மாட்டி எக்ஸ்போர்ட் போடு. மெதுவாத்தான் போகும், ஆனா முடிஞ்சிரும்.

அருண்: சரிண்ணா. புதுசு என்ன வாங்க?

குமார்: 650 வாட்ஸ். கடையில வாட்ஸைக் கேக்காத, ஸ்டிக்கரைக் காட்டச் சொல்லு. நல்ல 650ல 12 வோல்ட்டுக்கு 54 ஆம்ஸ் கிட்ட இருக்கும். 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்லருந்தே வரணும், கன்வெர்ட்டர் கூடவே கூடாது. 80 பிளஸ் பிரான்ஸ்னு இருந்தா நல்லது, ஆனா அது கரண்ட் எவ்ளோ வீணாகுதுங்கிற கணக்கு, அதை மட்டும் பாத்து வாங்கிராத. கழட்டி மாட்டுற வயர் மாடல்னா அதோட வந்த வயரை மட்டும் போடு. வேற கம்பெனி வயர் அதே மாதிரிதான் இருக்கும், உள்ள பின் மாறியிருந்தா ஹார்டு டிஸ்க் போச்சு.

*மறுநாள்*

அருண்: அண்ணா, கார்டு இல்லாமலே எக்ஸ்போர்ட் முழுசா முடிஞ்சிருச்சு, ஒருதரம்கூட அணையல. கஸ்டமருக்கு லிங்க் அனுப்பிட்டேன். 650 வாங்கிட்டேன், 54 ஆம்ஸ்.

குமார்: சபாஷ்டா. மாட்டிட்டு ஒரு மணி நேரம் எக்ஸ்போர்ட் ஓட விட்டு, பக்கத்துலயே உக்காந்து பாரு. யுபிஎஸ்ஸை இப்போதைக்கு சேக்காத, முழு லோடுல 360க்கு ரொம்ப நெருங்கிரும்.

மாமா: பிளக்குல எர்த் வேலை செய்யல. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கேன். அவர் முடிச்சப்புறம் மாட்டு தம்பி.

சித்தி: சரிண்ணே. குமாரு, பழைய எஸ்எம்பிஎஸ்ஸை சுதா பையன் கம்ப்யூட்டருக்குக் குடுக்கலாமாப்பா?

குமார்: வேணாம் சித்தி, யாருக்கும் குடுக்காதீங்க. யாரும் திறக்கவும் வேணாம், பிளக்கை உருவினாலும் உள்ள கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும். வயரை வெட்டிட்டு, கம்ப்யூட்டர் கழிவு வாங்குறவங்ககிட்ட போட்ருங்க.